ஒரு சின்னப் பெட்டிக்கு 18,500 ரூபாவா?

 

கலாசாலைக் கலைவிழாவின் இசை நிகழ்ச்சிக்கென்று 31 பேர் ஆளுக்கு 1,500 ரூபா வீதம் எங்களிடம் தந்தீர்கள். மொத்தம் 46,500 ரூபா. அதில் 18,500 ரூபாவை ஒரு சோப்புப் பெட்டி அளவான சாமானுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற கதை கோப்பாய்ச் சந்தியில் தொடங்கி ஐந்து சந்தி வரைக்கும் போய்விட்டது. நேற்று மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் கடை வைத்திருப்பவர், காசின் அருமை தெரிந்தவர். "மாஸ்டர், அந்தக் காசுக்கு நல்ல பெரிய ஸ்பீக்கர் ஒண்டு எடுத்திருக்கலாமே?" என்றார்.

நியாயமான கேள்வி. ஊர்க் காசை வாங்கினால் ஊருக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ரெலிபோனில் மூன்று பேருக்கும் சொல்ல முயன்றோம், சரிவரவில்லை. எழுதிவிடுகிறோம். நீளமாகத்தான் வரும், தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்று தெரியாதவர்களுக்கு. ஐந்து பேர். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்தவர்கள். மன்னார்ப் பக்கத்துச் சேர் பேஸ் கிற்றார் வாசிப்பார். கிற்றார் அவருடையதல்ல, அவருடைய ஊர்க் கோயில் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. கிளிநொச்சிக் கணித சேர் சாதாரணக் கிற்றார். வவுனியாவில் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கும் சேர் ஒக்டபாட். சங்கீத ரீச்சர் பாட்டு. ஐந்தாவது ஆள் இதை எழுதுகிறவர். விஞ்ஞான ஆசிரியர், ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வயர், பிளக், சோல்டரிங், "கரண்ட் போச்சுது" என்றால் ஓடுவது எல்லாம் அவர் தலையில்.

சோனகத் தெருவிலிருந்து ஒரு மூத்த நானா வேறொரு கேள்வியும் அனுப்பியிருந்தார்: "தம்பி, மியூசிக் எல்லாம் நமக்கு எதுக்கு?" அவருக்கு மஃரிபுக்குப் பிறகு நேரில் போய்ப் பதில் சொல்லியாயிற்று. அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தந்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த விவாதத்தை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. இது கணக்குப் பதிவு.

சரி, பேஸ் கிற்றார். அதில் பொதுவாக நாலு தடித்த தந்திகள். மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிரும். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பாஷையில் சொன்னால் மீடிறன் 41 ஹேர்ட்ஸ். சாதாரணக் கிற்றாரின் தடித்த தந்தி 82, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. மனிதக் காது கேட்கத் தொடங்குவதே கிட்டத்தட்ட 20 ஹேர்ட்ஸிலிருந்துதான். அப்படியென்றால் பேஸ் கிற்றார் நிற்பது காதின் வாசற்படிக்குப் பக்கத்தில்.

பாட்டுக் கேட்கும்போது பேஸை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அது இல்லாதபோதுதான் ஏதோ குறைகிறது என்று தெரியும். வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி என்று சொல்வார்கள். எங்களுக்கு அந்த உவமை பாதிதான் பிடிக்கும். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் மண்ணுக்குள் கிடக்கும் கல் அல்ல, அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை இன்றைக்கு ஒருக்கால் போட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் போகிற தந்தியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவருடைய குழுவில் பல காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீற்றர்ஸ். கோடிக்கணக்கான சனம் இந்த இரண்டு பேரின் விரலையும் கேட்டிருக்கிறது, பெயர் தெரிந்தவர்கள் சொற்பம்.

எங்கள் நிகழ்ச்சியில் முக்கால்வாசி எங்கட நாட்டுப் பொப் பாட்டுகள். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் பக்கத்து ஊர் உரும்பிராய்க்காரர். 'சுராங்கனி' பாடிய ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இந்தப் பாட்டுகளில் ஓடுவது பைலாவின் ஆறெட்டுத் தாளம். அந்தத் தாளத்துக்குச் சனத்தின் கால் தானாக ஆடுவதென்றால் பேஸ் துள்ள வேண்டும். அதுதான் எங்களிடம் துள்ளவில்லை.

ஒத்திகைக்குச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபம் கிடைத்தது. தகரக் கூரை, வெறும் சீமெந்துச் சுவர், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள். மன்னார்ச் சேரின் கிற்றாரைச் சின்ன அம்ப்பில் போட்டால் மெலிந்த ஒரு 'டுப், டுப்'. அட்டைப் பெட்டியில் தட்டுவது போல. மற்ற நாலு பேரும் தொடங்கினால் அதுவும் இல்லை. பாவம், அவர் விரல் வீங்க வாசிக்கிறார், முன்வரிசையில் இருக்கிறவருக்கே கேட்கவில்லை.

அப்போது நாங்களும் கடைக்கார அண்ணன் நினைத்ததைத்தான் நினைத்தோம். பெரிய ஸ்பீக்கர். அதையும் செய்து பார்த்தோம். காசு கொடுத்து வாங்கவில்லை, ஒரு நாள் பின்னேரம் தெரிந்தவரிடம் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை இரவல் எடுத்தோம். சத்தம் வந்தது. சத்தம் என்றால் சத்தம். கூரைத் தகரம் கிலுகிலுவென்று ஆடியது. கதிரை அடுக்கு நடுங்கியது. வாசலில் நின்ற நாய் எழும்பிப் போனது. ஆனால் சேர் என்ன சுரம் வாசிக்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. 'ஹூம்ம்ம்' என்று ஒரு முழக்கம், அவ்வளவுதான். கூட்டினால் முழக்கம், குறைத்தால் பழையபடி அட்டைப் பெட்டி.

காரணம் விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். அதை 41ஆல் பிரித்தால் ஓர் அலையின் நீளம் 8 மீற்றருக்கு மேல் வருகிறது. அந்த மண்டபத்தின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். அப்படிப்பட்ட அலை சுவருக்கும் சுவருக்கும் இடையில் அடிபட்டு, சில சுரங்களை ஊதிப் பெருப்பித்து, சில சுரங்களை அடியோடு விழுங்கிவிடும். ஒரு மூலையில் நிற்பவருக்கு இடி, நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் இன்னும் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் இன்னும் பெரிய இடிதான் வரும். அண்ணன், உங்கள் கேள்விக்குப் பதிலில் முதல் பாதி இது.

மற்றப் பாதிக்கு எங்கட வாப்பாவிடம் போக வேண்டும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தைவிட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர் வாப்பா. நாங்கள் திரும்பி வந்தோம், அவர் வரவில்லை, அங்கேயே வேர்விட்டுவிட்டார். ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் எடுப்பார். அவர் குரல் நல்ல கனம், அடித்தொண்டைக் குரல். "என்ன மகன்" என்ற அந்த இரண்டு சொல்லிலேயே இன்றைக்குச் சுகமா, பிரஷர் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு விசயம். வளர்ந்த ஆண்களின் குரலில் அடிப்படை மீடிறன் பொதுவாக 100 முதல் 150 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கும். பழைய ரெலிபோன் இணைப்பு கடத்துவதோ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான். அப்படியானால் வாப்பாவின் குரலில் கனமான அந்த அடிப்பகுதி புத்தளத்திலிருந்து கோப்பாய்க்கு வரவே இல்லை. அந்தக் காலத்து லேண்ட் லைனில் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் கேட்டது கனமான குரல்தான், மெலிந்த குரலல்ல.

எப்படி? எந்தச் சுரமும் தனியாக வருவதில்லை. 41 என்று ஒரு தந்தி அதிர்ந்தால் அதோடு கூட 82, 123, 164, 205 என்று மேற்றொனிகளும் வரிசையாக வரும். மூளை கெட்டிக்காரி. அடியிலுள்ள 41 காதுக்கு வராவிட்டாலும், மேலே வருகிறவை ஒவ்வொன்றும் 41 இடைவெளியில் நிற்பதைப் பார்த்து, 'ஓ, இது 41' என்று தானே நிரப்பிக்கொள்ளும். கைத்தொலைபேசியின் விரல் நகம் அளவான ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டும் பேஸ் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிவது இதனால்தான். பருத்தித்துறை வீதியில் ஓடுகிற பஸ்ஸின் ஓட்டை ஸ்பீக்கரிலும் ராஜாவின் பேஸ் விளங்குகிறதே, அதுவும் இதே கணக்கு.

ஆக, பேஸுக்குத் தடிப்பு வேண்டுமென்றால் அடியில் இன்னும் அடியைக் கொட்டுவது அல்ல வழி. அடி தன்பாட்டில் இருக்க, அதன் மேற்றொனிகளை வளர்க்க வேண்டும்.

இதை நாங்கள் கரும்பலகையில் மீடிறன் எல்லாம் எழுதி விளக்கிக்கொண்டிருக்க, சங்கீத ரீச்சர் பேசாமல் எழும்பிப் போய்த் தம்புராவைக் கொண்டுவந்தார். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் இருக்கிற ஜீவா நூலை விலக்கிவிட்டு மீட்டினார். வெறும் 'டொங்'. பிறகு நூலைப் பழையபடி மெல்ல மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி மீட்டினார். அதே தந்தி, அதே விரல், அதே சுருதி. மண்டபம் நிறைந்தது. தேனீக் கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம் எழும்பி நின்றது.

"நீங்கள் தேடுற பெட்டி இந்த நூல்தானே சேர்?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. சர். சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே தம்புரா, வீணைக் குதிரைகளைப் பற்றியும், மிருதங்கத்தின் கரணை எப்படி அதன் மேற்றொனிகளை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பது பற்றியும் எழுதியிருக்கிறார். மிருதங்கம் பற்றிய கட்டுரை 1920இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. எங்கட வாத்தியக்காரர் அதற்கும் எத்தனையோ தலைமுறைக்கு முந்தியே நூலாலும் கரணையாலும் செய்து வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் அதை மின்சாரத்தில் செய்தான்.

அவன் செய்ததும் ஒரு பழுதிலிருந்து பிறந்ததுதான். மார்ட்டி றொபின்ஸ் என்ற பாடகரின், 1961இல் பிரபலமான பாட்டு ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவாகும்போது மிக்ஸரின் ஒரு சனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிற்றார் கரகரவென்று கேட்டது. அழிக்காமல் விட்டார்கள், சனத்துக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வருடமே அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே தருகிற பெட்டி ஒன்று கடைக்கு வந்தது, பெயர் ஃபஸ் டோன். பாருங்கள், கரகரப்புப் பெடலின் பரம்பரை பேஸ் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1965இல் பீற்றில்ஸ் குழுவின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் போல் மெக்கார்ட்னி ஒரு பேஸைச் சாதாரணமாகவும் இன்னொரு பேஸை ஃபஸ் போட்டும் வாசித்து இரண்டையும் சேர்த்துப் பதிந்தார். இரண்டையும் சேர்த்து என்பதை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

உரும்பிராயில் ஓர் அண்ணை இருக்கிறார். ஒரு காலத்தில் கலியாண வீட்டு பாண்ட் ஒன்றில் பேஸ் வாசித்தவர், இப்போது வெங்காயமும் வாழையும். பழைய பெடல்களை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறார். தோட்டத்துக்குத் தண்ணி இறைத்து முடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரின்னோடு வந்தார். நாலு பெடல். மாறி மாறிப் போட்டோம். எதைப் போடுகிறோம் என்று காட்டாமல், கன்ரீன் அக்காவையும் காவலாளி ஐயாவையும் தமிழ் ரீச்சர் ஒருவரையும் கடைசி வரிசையில் சுவரைப் பார்க்க இருத்திக் கேட்கவைத்தோம். வாசிக்கிறவன் காது வேறு, கேட்கிறவன் காது வேறு. எங்களுக்குத் தேவை கேட்கிறவன் காது.

முதலில் ஒக்டேவ் பெடல். வாசிக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைத் தானே சேர்க்கும். பொஸ் கொம்பனி 1982இல் விட்ட ஓ.சி. 2 என்ற மண்ணிறப் பெட்டி இந்த வகையில் பேர்போனது. 'தடிப்பு' என்று கேட்டால் பலரும் முதலில் காட்டுவது இதைத்தான். உயரத்தில் வாசிக்கும்போது உண்மையிலேயே அருமை, யானை நடக்கிற மாதிரி. ஆனால் தடித்த தந்திக்கு இறங்கினால்? 41க்கு ஒரு ஸ்தாயி கீழே 20 சொச்சம். காதின் வாசற்படிக்கே போய்விட்டது. ஸ்பீக்கரும் தராது, காதும் வாங்காது. தவிர இந்தப் பழைய வகைப் பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பிடிபடும். கீழே போகப் போக அது எந்தச் சுரம் என்று தடுமாறிக் கொப்பளிக்கும். காவலாளி ஐயா "வயித்துக்குள்ள பிரட்டுற மாதிரி இருக்கு" என்றார். தள்ளி வைத்தோம்.

இரண்டாவது கோரஸ். ஒலியின் பிரதி ஒன்றைக் கண் இமைக்கிறதைவிடக் குறைந்த நேரம் பிந்தவிட்டு, அதன் சுருதியையும் மெல்ல ஆட்டி, மூலத்தோடு சேர்ப்பது. ஒருவர் பாடுவதைப் பல பேர் சேர்ந்து பாடுவது போல் ஆக்கும், பெயரே அதுதான். நியூ ஓர்டர் குழுவின் பீற்றர் ஹூக் என்ற பேஸ்காரர் இதைப் போட்டே தன் அடையாளத்தை உண்டாக்கினார், ஆனால் அவர் உயரமான சுரங்களில்தான் அதிகம் வாசிப்பார். தமிழ் ரீச்சருக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. "கடலுக்குள்ள இருந்து வாற மாதிரி" என்றார். மெதுவான பாட்டுக்கு அழகுதான், மறுக்கவில்லை. பைலாவுக்குப் போட்டால் தாளத்தின் கூர் மழுங்குகிறது. பிரதியும் மூலமும் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் அடியும் கரையும். பேஸுக்கென்று செய்யும் கோரஸ் பெட்டிகளில் அடியைத் தொடாமல் விடுவதற்குத் தனித் திருகி வைத்திருப்பது இதற்காகத்தான். அண்ணையிடம் இருந்தது கிற்றாருக்கானது.

மூன்றாவது ஃபஸ். நியூயோர்க்கில் 1969இல் பிறந்த பிக் மஃப் வகை. மேற்றொனி வேண்டும் என்றீர்களே, இந்தா என்று வண்டில் வண்டிலாகக் கொட்டும். தனியாக வாசித்தபோது நாங்கள் ஐந்து பேரும் வாய் பிளந்தோம். மற்றவர்கள் சேர்ந்ததும் பேஸைக் காணவில்லை! கரகரப்பு மட்டும் மேலே மிதக்கிறது, அடி எங்கேயோ போய்விட்டது. கிளிநொச்சிச் சேரின் கிற்றாரோடு முட்டுப்படுகிறது. தனியாகக் கேட்டு நல்லது என்று முடிவெடுத்தால் மேடையில் ஏமாறுவீர்கள் என்று அண்ணை சொல்லிச் சிரித்தார். கலியாண வீடுகளில் பழுத்த மனுசன்.

நாலாவது ஓவர்டிரைவ், மஞ்சள் நிறம், பேஸுக்கென்றே செய்த பொஸ் ஓ.டி.பி. 3. கரகரப்பில் ஃபஸ்ஸின் தம்பி. இதில் ஒரு திருகி இருந்தது, 'பலன்ஸ்'. அதைத் திருப்பினால் கரகரத்த ஒலியும் தொடாத சுத்தமான ஒலியும் எந்த அளவில் கலப்பது என்று தீர்மானிக்கலாம். மெக்கார்ட்னி இரண்டு தடவை வாசித்துச் செய்ததை ஒரு திருகியில் வைத்திருக்கிறார்கள். கரகரப்பைக் கால்வாசிக்குக் குறைத்து, கலவையைப் பாதியில் வைத்து, ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பைலாத் துண்டு வாசித்தோம்.

கன்ரீன் அக்கா சுவரைப் பார்த்தபடியே, "இப்பதான் அந்தச் சேர் என்ன வாசிக்கிறார் எண்டு விளங்குது" என்றார்.

கரகரப்பு அவருக்குக் கேட்கவே இல்லை. கேட்டோம், "கரகரப்பா? அப்பிடி ஒண்டும் இல்லையே." பேஸ் தடித்தது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. ஜீவா நூலும் அப்படித்தானே, நூல் தனியாகவா கேட்கிறது?

அந்தப் பெடலை அண்ணை தரமாட்டேன் என்றுவிட்டார். எவ்வளவு கேட்டும் இல்லை. "வாசிக்காட்டியும் கையில இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் கேட்பது முறையல்ல. புதிதாக வாங்கலாமா என்று பார்த்தால், 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதே, அன்றைக்கு ஏறிய விலைகள் எங்கே முழுதாக இறங்கின? கொழும்புக் கடைகளில் கேட்ட விலைக்கு உங்கள் 46,500இல் பஸ் காசு மட்டும்தான் மிஞ்சும்.

பாவித்ததைத் தேடினோம். கடைசியில் கிடைத்தது பெரிங்கர் பி.டி.ஐ. 21. இந்த வகையின் மூத்தது 1989இல் நியூயோர்க்கில் அன்ட்ரூ பார்ட்டா என்பவர் செய்த சான்ஸ்அம்ப். 'சான்ஸ்' என்றால் பிரெஞ்சில் 'இல்லாமல்'. அம்ப் இல்லாமலேயே அம்ப்பின் ஒலியைத் தருவது. எங்கள் பெட்டி அந்த வழியில் வந்த மலிவுப் பிள்ளை. பிளாஸ்டிக் உடம்பு, இரும்புப் பெடல்கள் மாதிரி ஏறி மிதிக்க முடியாது. ஆனால் கேட்டுக்கொண்ட இரண்டு விசயமும் இருக்கின்றன. ஒன்று, கலவைத் திருகி. மற்றது, அதிலிருந்து மைக் வயர் மாதிரியான ஒரு வயரை நேரே மிக்ஸருக்குக் கொடுக்கலாம். வாடகைக்கு வருகிற சவுண்ட் செற்றின் மிக்ஸருக்குள் போய்விட்டால் பேஸுக்கென்று தனி அம்ப் தேவையில்லை, பெரிய ஸ்பீக்கரும் தேவையில்லை. அண்ணன், நீங்கள் சொன்ன ஸ்பீக்கரின் காசு மிஞ்சிய இடம் இதுதான்.

இதைப் போல வாங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்வது: பேஸ் என்று எழுதிய திருகியை நடுவிலேயே விடுங்கள், மெலிவாக இருக்கிறது என்று கை தானாக அதைத்தான் கூட்டப் போகும், கூட்டினால் கூரைத் தகரம்தான் பாடும். 'டிரைவ்' கால்வாசி. 'பிளெண்ட்' பாதியில் தொடங்கி, எல்லோரும் வாசிக்கும்போது மட்டும் திருத்துங்கள். அடப்டர் வாங்கும்போது 9 வோல்ட் என்பதோடு விடாமல், நடுமுனை மறையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண றேடியோ அடப்டர்கள் பல மறுபக்கம். மிக்ஸரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பெட்டியில் புவித்தொடர்பைப் பிரிக்கும் ஆளி ஒன்று இருக்கிறது, தட்டிப் பாருங்கள். தயவுசெய்து பிளக்கின் எர்த் வயரை வெட்டாதீர்கள். பல மேடைகளில் இதைக் கண்டிருக்கிறோம், மைக்கில் வாய் வைக்கிற பிள்ளைக்கு ஷொக் அடிக்கும்.

கொம்பிரஸர் என்று இன்னொன்றும் இருக்கிறது, ஏன் வாங்கவில்லை என்று கணித சேரின் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மெல்லத் தட்டிய சுரத்தையும் ஓங்கித் தட்டிய சுரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. அதுவும் ஒருவகைத் தடிப்புத்தான். நல்ல சாமான். ஆனால் மன்னார்ச் சேரின் விரல் ஏற்கெனவே சமமாகத்தான் விழுகிறது. இல்லாத நோய்க்கு மருந்து வாங்க ஊர்க் காசு எதற்கு?

இனிக் கணக்கு. பெடல் 18,500. அடப்டர் 1,500. மிக்ஸர் வயரும் ஒரு கிற்றார் வயரும் சேர்த்து 4,500. சவுண்ட் செற் வாடகை, ஓப்பரேற்றரோடு, 18,000. கூட்டினால் 42,500. கையில் மிச்சம் 4,000 ரூபா, அது சங்கீத ரீச்சரிடம் கடித உறையில் இருக்கிறது. விழாவன்று மன்னாருக்குக் கிற்றாரைத் திருப்பிக் கொண்டுபோகிற செலவும், அந்தக் கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு புதுத் தந்திச் செற்றும் அதில்தான். இரவல் கொடுத்தவர்களுக்கு பழைய தந்தியோடு திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம். ரசீதுகள் நாலும் இருக்கின்றன. பாவித்த பெடலுக்கு மட்டும் விற்றவரின் கையெழுத்துத் துண்டு.

நாங்கள் அடுத்த வருடம் எங்கள் எங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுவோம். பெடல் எங்கள் ஐவரில் யாருடைய வீட்டுக்கும் போகாது, கலாசாலையில் அடுத்த அணிக்கு நிற்கும். இப்போதைக்கு சங்கீத ரீச்சரின் அலுமாரியில், தம்புரா உறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவுக்கோ கோயில் பாடகர் குழுவுக்கோ வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பு சொல்லுங்கள், தருகிறோம். கரண்ட் போனாலும் வேலை செய்யும். 9 வோல்ட் பற்றரி மட்டும் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள்.